துத்தநாகம் குளித்த சேஸிஸில் 1974 லேண்ட் ரோவர்: ஒரு பட்டறைக் குறிப்பு

பழைய வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுத்தியலால் தட்டிக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். நல்ல இரும்பு 'ணங்' என்று பதில் தரும். உளுத்த இரும்போ, ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் 'பொத்' என்று அடங்கிவிடும். நான் வாங்கிய 1974ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் சீரிஸ் த்ரீயின் அடியில் மல்லாந்து படுத்து, பின் குறுக்குச் சட்டத்தில் தொடங்கி முன்பக்கம் நோக்கித் தட்டிக்கொண்டே வந்தபோது, பதினொரு இடங்களில் 'பொத்' என்றுதான் கேட்டது. பின் ஆக்சிலுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். அது பிடிவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது மிளகாய்த் தூள் போலத் துரு என் கண்ணாடியின்மேல் கொட்டியது.

வட இங்கிலாந்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில் நெடுங்காலம் உழைத்த வண்டி அது. 88 அங்குலச் சக்கர இடைவெளி, 2,286 சிசி பெற்ரோல் எஞ்சின், நான்கு கியர். வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் தெரியாது. இவ்வகை வண்டிகளை வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். உடற்பகுதித் தகடுகள் பெரும்பாலும் பர்மாபிரைட் என்னும் அலுமினிய மெக்னீசியக் கலவையால் ஆனவை. ரோவர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றைத் தம் பண்ணையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதுபோன்ற ஒன்றைத் தாமே செய்யலாம் என்று 1947இல் முனைந்தபோது பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்தது; அலுமினியம் கிடைத்தது. அதனால்தான் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான முதல் வண்டியிலிருந்தே மேலே அலுமினியம், கீழே எஃகு என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது. மேல்தகடு ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் துரு ஏறாமல் இருக்க, அதைத் தாங்கும் சட்டம் அடியில் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருக்கும்.

கரைவதற்கான காரணம் அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது. நான்கு தட்டைத் தகடுகளை ஓரங்களில் பற்றவைத்துப் பெட்டி போன்ற குழலாகச் செய்த சேஸிஸ் அது. முறுக்கத்தைத் தாங்கும் வலிமை அந்தப் பெட்டி வடிவத்தால் கிடைக்கிறது. ஆனால் அதற்குள் புகும் சேறு எளிதில் வெளியேறுவதில்லை. குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க இங்கே பிரிட்டனில் சாலைகளில் கல்லுப்பைத் தூவுகிறார்கள். உப்பு கரைந்த நீரும் சேறும் குழலுக்குள் தங்கி, வெளியே பூசிய கறுப்புப் பெயிண்டைத் தொடாமலேயே உள்ளிருந்து அரிக்கின்றன. இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. 1948இல் முழு உற்பத்திக்கு முன் செய்த முன்னோட்ட வண்டிகளுக்குத் துத்தநாகம் பூசிய சேஸிஸ்களைத்தான் பொருத்தினார்கள். உற்பத்தி தொடங்கியதும் அதைக் கைவிட்டுப் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். ஆனால் பம்பருக்கும் உடற்பகுதியின் ஓரப் பட்டிகளுக்கும் துத்தநாகத்தைத் தொடர்ந்தார்கள். என் வண்டியின் பம்பரை இன்றும் துடைத்து மாட்டலாம். அது மாட்டியிருந்த சேஸிஸ் முனையோ விரலால் நிமிண்டினால் உதிர்ந்தது.

ஒட்டுப் போட்டுப் பிழைக்க வைக்கலாமா என்று முதலில் பார்த்தேன். ஊரில் ஓய்வுபெற்ற ஒரு வெல்டர் வந்து அடியில் குனிந்து பார்த்தார். முன்பே யாரோ போட்ட ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டும், அதன்மேல் தாரும் பூசியிருந்ததைக் காட்டி, புதுத் தகட்டைப் பற்றவைக்க நல்ல இரும்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் கூலி வாங்கவில்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆலோசனை அதுதான். அன்றிரவே துத்தநாகம் பூசிய புது சேஸிஸுக்கும், அதோடு வரும் உதிரிப்பாகக் கிட்டுக்கும் பணம் கட்டினேன்.

சேஸிஸை மாற்றுவதற்கு முன், 2025 ஆகஸ்ட் வரை இங்கிருந்த விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டியின் பழைய பதிவெண் நிலைக்க வேண்டுமானால், மூலப் பாகங்களுக்கு வைத்திருந்த மதிப்பெண் கணக்கில் குறைந்தது 8 தேற வேண்டியிருந்தது: சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர்பாக்ஸ் தொகுதி, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. அதே அளவில், அதே வடிவில் செய்த புது சேஸிஸுக்கு முழு 5 உண்டு என்றிருந்தது. வெட்டியோ நீட்டியோ மாற்றினால் அந்த 5 போய்விடும் என்பது அன்றைய விதி. ஆகவே, 'இதே விலையில் காயில் ஸ்பிரிங் பொருத்தும்படி மாற்றிய சேஸிஸ் தருகிறோம்' என்ற விற்பனையாளரின் ஆசைகாட்டலுக்கு நான் இணங்கவில்லை. பழைய சேஸிஸின் முன்முனையில் பொறித்திருந்த எண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெளிக்கொணர்ந்து, பல கோணங்களில் படம் எடுத்து, புது சேஸிஸின் ரசீதோடு சேர்த்து வைத்தேன்.

பிரிக்கும் வேலை ஆறு வார இறுதிகளை விழுங்கியது. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து பக்கத்து ஊரில் குடியிருக்கும் நண்பன் சனிக்கிழமைதோறும் வந்தான். அவன் அப்பா அங்கே லாரிப் பட்டறை வைத்திருந்தவர். முதல் நாளே ஒரு விதி சொன்னான்.

"மாப்ள, கழட்டற ஒவ்வொரு போல்ட்டும் எந்த ஓட்டைல இருந்துச்சோ அந்தப் பேரை எழுதி டப்பால போடு. அப்புறம் 'ஞாபகம் இருக்கும்'னு மட்டும் சொல்லாத."

பழைய சமையலறை டப்பாக்கள் எல்லாம் பட்டறைக்கு வந்துசேர்ந்தன. கடலைப்பருப்பு டப்பா ஒன்றையும் காணோம் என்று வீட்டில் என் மனைவி தேடியபோது, அது 'வலது முன் விங், மேல்' என்ற சீட்டோடு மேசையின்கீழ் இருந்தது.

சீரிஸ் வண்டியின் உடற்பகுதி ஒரே கூடாக இல்லாமல் துண்டு துண்டாக போல்ட்டில் நிற்பதால், தனியாளாகக்கூட ஓரளவு பிரிக்கலாம். பானெட், முன் விங்குகள், ரேடியேட்டர் தாங்கும் முன்தகடு, கதவுகள், இருக்கைப் பெட்டி, அதன் வலப்புறத்தின் கீழிருக்கும் பெற்ரோல் டேங்க், சரக்கு ஏற்றும் பின் தொட்டி என்று வரிசையாக இறக்கினோம். போல்ட்டுகளில் பாதி, ஸ்பானரை வைத்ததும் தலையை விட்டுவிட்டு உடம்போடு இறந்துபோயின. எஃகு போல்ட் அலுமினியத் தகட்டோடு சேர்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அந்தப் பொடி வீங்கித் தகட்டையே உப்ப வைத்திருந்தது. ஸ்பானர்களிலும் ஒரு குழப்பம் உண்டு. பெரும்பாலானவை அங்குல அளவு யுஎன்எஃப் மரைகள். நடுநடுவே பழைய பிரிட்டிஷ் பிஎஸ்எஃப் மரைகள் ஒளிந்திருக்கும். மில்லிமீட்டர் ஸ்பானரை 'ஏறக்குறையப் பொருந்துகிறது' என்று வைத்துத் திருகினால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும்.

ஸ்பிரிங்குகளை சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் என்னும் அசையும் தட்டுகளின் போல்ட்டுகள்தான் எங்களைக் கதறவைத்தன. அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷின் நடுவிலுள்ள எஃகுக் குழலும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிப்போயிருந்தன. போல்ட்டைத் திருகினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது. துரு நெகிழ்த்தும் எண்ணெய், காஸ் தீ, பெரிய சுத்தியல் என எல்லாவற்றுக்கும் அசையவில்லை. முடிவில் ஷேக்கிள் தட்டுக்கும் ஸ்பிரிங்கின் முனை வளையத்துக்கும் நடுவே ரம்பப் பிளேடை நுழைத்து ஒவ்வொன்றாக அறுத்தோம். கிட்டில் புது போல்ட்டுகளும் ஷேக்கிள்களும் வருகின்றன என்பதால் மனம் வலிக்கவில்லை. தோள் மட்டும் வலித்தது.

புது சேஸிஸ் லாரியில் வந்து இறங்கிய காலை, வெயிலில் அது நம்மூர் ஜி.ஐ. பக்கெட்டைப் போலப் பளபளத்தது. ஜி.ஐ. பைப்பும் ஜி.ஐ. ஷீட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை, முக்கியெடுக்கும் பொருள்தான் பெரிது. முழுமையாகப் பற்றவைத்து முடித்த சேஸிஸை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, அமிலத் தொட்டியில் துருவகற்றி, துத்தநாகம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் கரைசலில் நனைத்து, ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் உருகி நிற்கும் துத்தநாகத்தில் அமிழ்த்துகிறார்கள். இரும்பின் மேற்பரப்பும் துத்தநாகமும் கலந்து உலோகக் கலவைப் படலங்களாகி, அவற்றுக்கு மேலே தூய துத்தநாகம் படிகிறது. ஐஎஸ்ஓ 1461 தரநிலையின்படி 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை கனமுள்ள எஃகுக்குச் சராசரியாகக் குறைந்தது 55 மைக்ரான் பூச்சு வேண்டும். பெயிண்ட் எட்டாத குழலின் உட்புறத்துக்கும் உருகிய துத்தநாகம் பாய்ந்து வருவதுதான் இம்முறையின் பெரும் பலன். அப்படிப் பாயவும், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறவும் வேண்டித்தான் சேஸிஸ் முழுவதும் துளைகள் இட்டிருக்கிறார்கள். பின்னாளில் நீர் வடிவதும் அவற்றின் வழியாகத்தான் என்பதால், ரப்பர் அடைப்பான் வைத்து அவற்றை அழகாக மூடும் வழக்கத்தை நான் பின்பற்றவில்லை. கல் பட்டுக் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் தான் முதலில் கரைந்து பக்கத்து இரும்பைக் காக்கும்.

பொருத்தத் தொடங்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுநாடாவால் அளந்தேன். அவ்வளவு வெப்பத்தில் முக்கியெடுக்கும்போது நீளமான சட்டம் சற்றே முறுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. எல்லாம் மாட்டிய பிறகு அதைக் கண்டுபிடித்தால் அழத்தான் வேண்டும். வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தது. அதோடு திருப்தியடைந்து, அடுத்த சனிக்கிழமை ஒரே நாளில் ஆக்சில்களை ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு மூன்று வாரம் தள்ளிப்போனது.

துத்தநாகம் குளித்த சேஸிஸில் துளை என்று எதெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் சற்றுச் சிறுத்துப்போயிருக்கும். மரையுள்ள துளைகளில் துத்தநாகம் மெழுகுபோல் வழிந்து உறைந்திருந்தது. போல்ட்டை நுழைத்தால் ஒன்றரைச் சுற்றில் இறுகிக்கொள்ளும்; அங்கே பலம் காட்டினால் உள்ளே பற்றவைத்திருக்கும் நட்டு பிய்ந்து குழலுக்குள் விழுந்து, ஆயுள் முழுக்கக் கிலுகிலுப்பை போல் ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் அதன் அளவுக்கேற்ற, மரை வெட்டும் டேப்பை எண்ணெய் தொட்டுக் கால் சுற்று முன்னால், அரைக்கால் சுற்று பின்னால் என்று செலுத்தி, வெள்ளிச் சுருள்களை ஊதி எடுத்தேன். இப்படி ஒரு முழு ஞாயிறு போனது.

ஷேக்கிள் புஷ்கள் உட்காரும் குழல்களில் நான் அவசரப்பட்டேன். குழலின் உட்சுவரில் பாசிப்பயறு அளவில் ஒரு துத்தநாகச் சொட்டு உறைந்திருந்ததைக் கவனிக்காமல், நீண்ட மரைத்தண்டும் பெரிய வாஷர்களும் கொண்டு புஷ்ஷை உள்ளே இழுத்தேன். முக்கால்வாசி போனதும் நட்டு சட்டென்று கனத்தது. 'இன்னும் கொஞ்சம்தானே' என்று நீளக் கைப்பிடியைப் போட்டு இழுத்தபோது, கிர்ரென்ற ஓசையோடு புஷ்ஷின் வெளிக்குழல் ஒரு பக்கம் நசுங்கி மடிந்தது. அதை எடுக்க ரப்பரைத் துரப்பணத்தால் குடைந்து, மிஞ்சிய எஃகு வளையத்தை உள்ளிருந்து இரம்பத்தால் கீறிப் பிளக்க வேண்டியிருந்தது. கீறும்போது சேஸிஸின் துத்தநாகத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளும் கவலை வேறு. புது புஷ் வரவழைத்த பிறகு, அரைவட்ட அரத்தால் எல்லாக் குழல்களையும் ராவி, விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்து, ஒரு சொட்டும் தட்டுப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் இழுத்தேன். ஆறு நிமிடத்தில் ஒரு புஷ் உட்கார்ந்தது. அரத்தையும் நிறையப் போடக் கூடாது. அதிகம் ராவினால், காசு கொடுத்து வாங்கிய பூச்சையே தேய்த்துக் குப்பையில் கொட்டுகிறோம்.

கிட் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. போல்ட், நட், புஷ், ஷேக்கிள், பிரேக் குழாய், கியர்பாக்ஸ் தாங்கி ரப்பர் எல்லாவற்றையும் பைகளில் எண்ணிட்டு அனுப்புகிறார்கள். பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடி வாங்கும் மாதக்கணக்கான அலைச்சல் மிச்சம். ஆனால் பையில் இருப்பதாலேயே அது பொருந்தும் என்று நம்பக் கூடாது. எனக்கு வந்த ஒரு பையில் போல்ட் கால் அங்குலம் குட்டை. இன்னொன்றில் நட்டின் மரை வேறு. பழைய டப்பாவில் பெயர் எழுதி வைத்திருந்த துருப்பிடித்த போல்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதால்தான் இரண்டும் அகப்பட்டன. நண்பனின் விதிக்கு அன்று மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன்.

ஸ்பிரிங்குகளில் நான் செய்தது சுத்தமான கவனக்குறைவு. இவ்வண்டியின் பட்டை ஸ்பிரிங்குகள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒன்றல்ல. ஓட்டுநரும் பெற்ரோல் டேங்கும் வலப்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்குக்கு வளைவு சற்று அதிகம். காலியாக நிற்கும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்பதுதான் சரி. பெயிண்ட் அடிக்கும்போது அடையாளச் சீட்டுகளைக் கழற்றிவிட்டு முன் ஸ்பிரிங்குகளை இடம் மாற்றி மாட்டிவிட்டேன். சக்கரங்களைப் போட்டு இறக்கிவிட்டு நான் ஏறி உட்கார்ந்ததும், வண்டி என் பக்கம் சாய்ந்தது.

"பட்டைய மாத்திப் போட்டுட்ட மாப்ள," என்று நண்பன் வாசலிலிருந்தே சொன்னான். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஷேக்கிள் போல்ட்டுகளை வண்டி தூக்கி நிற்கும்போது இறுக்கக் கூடாது என்பதை மட்டும் நான் மறக்கவில்லை. புஷ்ஷின் ரப்பர் உள்குழலோடும் வெளிக்குழலோடும் ஒட்டியே இருக்கிறது. ஸ்பிரிங் அசையும்போது ரப்பர் முறுக்கிக் கொடுக்கிறதே தவிர, வழுக்கிச் சுற்றுவதில்லை. ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும். எஞ்சின், கியர்பாக்ஸ், உடற்பகுதி எல்லாம் ஏறி முழு எடையும் சக்கரங்களில் நின்ற பிறகுதான் இறுதியாக முடுக்க வேண்டும். அதுவரை மறந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு போல்ட் தலையிலும் மஞ்சள் துணி கட்டி வைத்தேன். அக்கம்பக்கத்தார் அதை ஏதோ பூசை என்று நினைத்திருக்கலாம்.

பிரேக்கில் பழைய எஃகுக் குழாய்களை விட்டுவிட்டுச் செம்பு நிக்கல் கலவைக் குழாய்களைப் போட்டேன். துரு ஏறாது, கையாலேயே வளையும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், ஒரே எண்ணெய்ச் சுற்று, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோ கிடையாது. குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும்போது பெடல் பஞ்சாகவே இருந்தது. ஷூக்களை நெருக்கும் நத்தை வடிவ அட்ஜஸ்டர்களை முழுவதும் இறுக்கி ஷூக்கள் டிரம்மோடு ஒட்டி நிற்கும்படி செய்துவிட்டுக் காற்றை எடுத்தால், சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் தூரம் குறைந்து, பெடல் சீக்கிரம் கெட்டியாகும். அதன்பின் சக்கரம் உரசாமல் சுழலும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். முன் சக்கரங்கள் திரும்பும் குமிழ்களின் குரோம் பூச்சு உரிந்து எண்ணெய் கசிந்ததால் அவற்றையும் புதிதாக மாற்றினேன். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழுவி, கசியும் சீல்களை மாற்றியதோடு நிறுத்திக்கொண்டேன். ஓடும் எஞ்சினைப் பிரிக்கும் சபலம் பட்டறைக்காரனுக்கு எப்போதும் இருக்கும், அடக்கிக்கொண்டேன்.

உண்மையான சோதனை பல்க்ஹெட்டில் வந்தது. எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையே நிற்கும் இந்தச் சுவர் மேற்பகுதியில் இருந்தாலும் எஃகு. கால் வைக்கும் குழிகளும், கதவுக் கீல்கள் நிற்கும் தூண்களின் மேல்மூலைகளும் முதலில் உளுக்கும். அதையும் துத்தநாகத்தில் முக்கிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் மெல்லிய தகடுகளைப் பலவிதமாக மடித்துச் சேர்த்த பொருள் 450 டிகிரியில் மூழ்கும்போது, கனமான சேஸிஸைப் போல் அடக்கமாக இராது. அலையலையாக நெளியலாம், கண்ணாடிச் சட்டம் உட்காரும் மேல்விளிம்பு வளையலாம். கால்குழிகளை வெட்டியெடுத்துப் புதுத் தகடுகளைப் பற்றவைத்துத் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, குழிவுகளுக்குள் மெழுகு பாய்ச்சினேன். இது சேஸிஸைவிட முன்னதாகத் துருப்பிடிக்கும். ஆனாலும் கதவு சாத்தும் என்பது என் கணக்கு. துத்தநாகம் பூசிய பாகத்தின் பக்கத்தில் வெல்டிங் வைக்கிறவர்கள், சுற்றிலும் பூச்சை முழுவதும் ராவி எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் நின்று, முகமூடியோடு வைக்க வேண்டும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவு குளிரும் காய்ச்சலும் நிச்சயம்.

பழைய சேஸிஸ் ஐம்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்திருந்தது. கதவுகளும் பின் தொட்டியும் அந்தத் தொய்வுக்கு ஏற்ப ஆப்பும் வாஷரும் வைத்து, அவ்வப்போது யாரோ துளையை ராவி, பழகிப்போயிருந்தன. நேராக நிற்கும் புது சேஸிஸில் அவை பொருந்த மறுத்தன. பல்க்ஹெட்டை அதன் இரு கால்களிலும் உள்ள நீண்ட போல்ட்டுகளில் இறுக்கி முடித்துவிட்டுக் கதவை மாட்டினேன். இடக்கதவின் பின்விளிம்பு பின் தொட்டியின் தூணில் இடித்தது, வலக்கதவில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. எல்லாவற்றையும் மறுபடி தளர்த்தினேன். முதலில் எதையும் இறுக்காமல் பல்க்ஹெட், பின் தொட்டி, இருக்கைப் பெட்டி, பக்கப் பட்டிகள், கதவுகள் எல்லாவற்றையும் தொங்கலாக மாட்டி, கதவைச் சாத்திப் பார்த்து, பல்க்ஹெட்டை முன்னும் பின்னும் சாய்த்து, கதவின் இடைவெளி மேலும் கீழும் ஒத்துவந்த பிறகு, பின்னிருந்து முன்னாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். இதைச் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் பொறுமையாக இருந்தால் போதாது.

அலுமினியத் தொட்டியை சேஸிஸில் உட்கார வைக்கும் இடங்களில் ரப்பர் பட்டையும், போல்ட்டுகளில் நைலான் வாஷரும் வைத்தேன். துத்தநாகமும் அலுமினியமும் மின்வேதி வரிசையில் அருகருகே இருப்பவை என்பதால், வெற்று எஃகோடு அலுமினியம் பட்டபோது பூத்த வெள்ளைப் பொடி இங்கே அந்த அளவுக்கு வராது. ஆனால் உப்பு நீர் தேங்கும் எந்த இணைப்பையும் நான் நம்புவதில்லை.

ஒயரிங்கைக் கடைசிக்கு விட்டது தவறு. பின் விளக்குகளுக்கான கேபிள் கட்டு சேஸிஸ் குழலுக்குள் ஓடுகிறது. குழல் காலியாக இருந்தபோதே ஒரு கயிற்றை உள்ளே விட்டு வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. நான் அதை மறந்து, முழு வண்டியும் கட்டிய பிறகு, எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் நைலான் டேப்பைப் பாம்பாட்டிபோல் குழலுக்குள் செலுத்திக்கொண்டிருந்தேன். இழுத்துக்கொண்டு வந்த கேபிள் ஓரிடத்தில் தயங்கியது. மெதுவாக அசைத்து இழுத்ததும் வந்துவிட்டது. மறுநாள் பக்க விளக்கைப் போட்டதும் ஃபியூஸ் போனது. புது ஃபியூஸ் போட்டேன், அதுவும் போனது. கேபிளை வெளியே இழுத்துப் பார்த்தால், பக்க விளக்குக்குப் போகும் சிவப்பு ஒயரின் உறை ஒரு விரற்கடை நீளத்துக்குப் பிளேடால் சீவியதுபோல் கிழிந்து செம்பு மின்னியது. குழலின் உள்ளே உறைந்து நின்ற துத்தநாக ஊசிதான் அதைக் கிழித்திருந்தது. சேஸிஸ் வந்தவுடன் துளைகளை மட்டும் சுத்தம் செய்தேன். குழலின் உட்சுவரைத் தடவிப் பார்க்கவில்லை. நீண்ட இரும்புக் கம்பியின் முனையில் சங்கிலித் துண்டைக் கட்டி உள்ளே விட்டு இழுத்து, ஊசிகளை உடைத்து உதிர்த்துவிட்டு, வளையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் புதுக் கேபிளை இட்டு அனுப்பினேன். விளக்குகள் மங்கலாக எரிந்ததற்குக் காரணம் வேறு: புதுப் பெயிண்ட். எர்த் ஒயர் திருகும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்ததும் சரியாயிற்று.

எஞ்சினை இயக்கும் முன், வால்வுகளுக்கு விடும் டாப்பெட் இடைவெளியைச் சரிபார்த்தேன். எட்டு வால்வுகளுக்கும் 0.010 அங்குலம். ஒரு வால்வு முழுவதும் திறந்து நிற்கும்போது, அதன் எண்ணோடு கூட்டினால் 9 வரும் எண்ணுள்ள வால்வைச் சரிசெய்யலாம்: எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. நாற்பது வயது கடந்த, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து இங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் முதல் ஓட்டத்திலேயே அதைச் சோதனை நிலையத்துக்கு ஓட்டிச் சென்றேன். நானே மாட்டிய பிரேக்கை நானே சரி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே பரிசோதகர் அடியில் போய்ச் சுத்தியலால் தட்டினார். 'ணங்.' இன்னொரு இடத்தில் தட்டினார். அதே ஓசை. ஒரு பின் பிரேக் டிரம் மட்டும் சற்று முன்பின்னாகப் பிடிக்கிறது என்று எழுதிக்கொடுத்தார். மாலையில் அட்ஜஸ்டரை ஒரு படி தளர்த்தியதும் சரியாயிற்று.

இருநூறு மைல் ஓடிய பிறகு ஸ்பிரிங்கின் யூ-போல்ட்டுகளையும் ஷேக்கிள்களையும் மறுபடி முடுக்கிப் பார்த்தேன். யூ-போல்ட்டுகள் எல்லாமே கால் சுற்று வாங்கின. பளபளத்த சேஸிஸ் ஒரு குளிர்காலத்தில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. துத்தநாகம் காற்றோடு சேர்ந்து தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் படலம் அது, தேய்க்கக் கூடாது. பம்பரின் பழைய சாம்பல் நிறத்துக்கும் அதற்கும் இப்போது வித்தியாசம் தெரிவதில்லை. இடக்கதவு இன்னும் மேல்மூலையில் 2 மில்லிமீட்டர் இடிக்கிறது. கீலின் துளையை ராவலாமா, வாஷர் வைக்கலாமா என்பதில் எனக்கும் நண்பனுக்கும் சனிக்கிழமைதோறும் சண்டை நடக்கிறது.